விழும் வேகத்தை அளந்தவர்

பழைய கட்டடத்தை வெடி வைத்துத் தகர்ப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மளமளவென்று சரிந்து தரைமட்டமாகிவிடும்! அது எத்தனை விநாடியில் விழும்? இந்தக் கணக்கைப் போடும் பொறியாளர்கள், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கண்டுபிடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்தான் கலிலியோ.

இத்தாலியில், சாய்ந்த கோபுரத்துக்குப் பேர்போன பைசா நகரில் 1564ம் ஆண்டு பிறந்தார். தந்தை இசைக் கலைஞர். மகனை டாக்டராக்க ஆசைப்பட்டார். பையனுக்கோ கணக்கு என்றால் உயிர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1589ல் அதே பைசா பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியரானார்!

கனமான பொருள் வேகமாக விழும், லேசான பொருள் மெதுவாக விழும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார். கலிலியோ மடக்கினார். பெரிய கல்லோடு சிறிய கல்லைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? மெதுவாக விழும் சிறிய கல் பெரியதைப் பிடித்து இழுக்கும். வேகம் குறைய வேண்டும். ஆனால், மொத்த எடை கூடிவிட்டதே, வேகமும் கூட வேண்டுமே! இரண்டும் எப்படிச் சரியாகும்?

சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் குண்டுகளைப் போட்டுக் காட்டியதாக ஒரு கதை உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை. அவர் உண்மையில் செய்தது, சாய்வான பலகையில் வெண்கலக் குண்டை உருட்டிவிட்டதுதான். அப்போது ஸ்டாப் வாட்ச் ஏது? பாத்திரத்திலிருந்து வழிந்த தண்ணீரை எடை போட்டு நேரத்தை அளந்தார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காவதைக் கண்டார். அந்தக் கணக்குப்படி, தடையின்றி விழும் பொருள் 1 விநாடியில் சுமார் 5 மீட்டர், 2 விநாடியில் 20 மீட்டர், 3 விநாடியில் 45 மீட்டர் இறங்கும்.

அப்படியானால் 45 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி 3 விநாடியில் தரைக்கு வந்துவிடுமா? வராது. கீழே உள்ள தூண்களும் சுவர்களும் நொறுங்கும்போதும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு தாங்கும் என்பதில்தான் வாதமே!

அதையும் கலிலியோ யோசித்தார். இரண்டு முனைகளிலும் கட்டை வைத்துப் படுக்கப்போட்ட பளிங்குத் தூண் ஒன்றின் கதையை அவர் எழுதியிருக்கிறார். பாதுகாப்புக்கு நடுவிலும் ஒரு கட்டை வைத்தார்கள். சில மாதங்களில் தூண் சரியாக நடுவில் உடைந்தது! காரணம், ஒரு முனையில் இருந்த கட்டை உளுத்து இறங்கிவிட்டது. பாதித் தூண் அந்தரத்தில் தொங்கித் தன் எடையாலேயே முறிந்தது.

இதை எழுதியபோது அவர் வீட்டுக் காவலில் இருந்தார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633ல் மத நீதிமன்றம் தண்டித்திருந்தது. அவர் புத்தகங்களை அச்சிடவும் தடை. விழும் வேகம், பொருட்களின் உறுதி இரண்டையும் பற்றிய அந்தப் புத்தகம், 1638ல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சானது. அதைப் படித்துப் பார்க்க அவருக்குக் கண்பார்வை இல்லை. 1642 ஜனவரி 8ல், காவலில் இருந்த அதே வீட்டில் இறந்தார்.