டில்லி மைனாவும் டியூக் எலிங்டனும்

கல்யாண ஊர்வலத்துல பேண்டு செட் வாசிச்சா நாம எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். அதே மாதிரி டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த பெரிய குழுவை வைத்து உலகப் புகழ் பெற்றவர் டியூக் எலிங்டன்.

இவர் 1899 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பிறந்தார். நேர்த்தியாக உடுத்திப் பண்பாகப் பழகியதால் சிறு வயதிலேயே டியூக் என்ற பட்டப்பெயர் கிடைத்தது. கோமகன் என்று அர்த்தம். ஆனால் அவர் கறுப்பினத்தவர். 1927-ல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் இவர் குழு வாசிக்கத் தொடங்கியது. அங்கே மேடையில் கறுப்பர்கள், உட்கார்ந்து ரசிப்பவர்கள் வெள்ளையர்கள் மட்டும். என்ன நியாயம் பாருங்க!

இவர் வாசித்தது ஜாஸ் இசை. ஜாஸ்னா ஆடுறதுக்கு, சிம்பொனிதான் உயர்ந்த இசைன்னு அப்போது பலர் நினைத்தார்கள். அப்போதைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கியது. எலிங்டனோ 1943-ல் தன் இன மக்களின் வரலாற்றை முக்கால் மணி நேர இசையாக்கி, புகழ்பெற்ற கார்னெகி ஹாலில் வாசித்தார். ஜாஸும் சிம்பொனி போலப் பெரிய கதை சொல்லும் என்று காட்டினார்.

1963-ல் அமெரிக்க அரசு இவர் குழுவைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. டில்லி, பம்பாய், கல்கத்தா மட்டுமில்லை, நம்ம மெட்ராசுக்கும் வந்தார்கள்! எலிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய நண்பர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். டில்லியில் அவர் தங்கிய அறைப் பக்கம் ஒரு மைனா பாடுமாம். அந்தக் குரல் மனதில் தங்கிவிட்டது.

1965-ல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரச் சொன்னார்கள். மேலே இருந்த குழு மறுத்துவிட்டது. அப்போது அவருக்கு 66 வயது. ஆனாலும் அவர் சோர்ந்துபோய் உட்காரவில்லை. 1966 டிசம்பரில் அந்தப் பயணத்தையே ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத்தொகுப்பாகப் பதிவு செய்தார். மொத்தம் ஒன்பது பகுதிகள். ஒன்று ஆக்ராவின் தாஜ்மகாலைப் பற்றியது. இன்னொன்றில் கிளாரினெட் கருவி மைனா மாதிரியே கூவும். சித்தாரையோ தபேலாவையோ சேர்க்கவில்லை. நம்மைக் காப்பி அடிக்காமல், இங்கே கேட்டதைத் தன் குழுவின் கருவிகளிலேயே சொன்னார்.

1974 மே 24 அன்று எலிங்டன் மறைந்தார். மறுத்த அதே புலிட்சர் பரிசு, அவர் பிறந்த நூற்றாண்டான 1999-ல் சிறப்பு விருது கொடுத்தது. வாங்க அவர்தான் இல்லை.

தோழிகளே, நம்ம தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்துலயும் தினமும் மைனா கத்துது. நமக்கு அது வெறும் சத்தம். அவங்களுக்கு அது பாட்டு. பரிசு வந்தாலும் வராட்டியும் நல்லாக் கேட்கணும், நம்ம வேலையை நிறுத்தக் கூடாது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கட்டபெட்டு