வழக்காட வாய் வராத வழக்கறிஞர்: காந்தியின் தேக்க ஆண்டுகள்

பம்பாயின் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில், 22 வயது இளைஞர் ஒருவர் பிரதிவாதியின் சார்பில் எழுந்து நின்றார். லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய பாரிஸ்டர் அவர். வழக்கு மிகச் சிறியது. ஒரே நாளில் முடிந்துவிடக் கூடியது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்பு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நேரம் வந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. நீதிமன்றமே சுழல்வது போல இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு வெளியேறினார். அந்த வழக்கறிஞர் 51 ரூபாய் பெற்றுக்கொண்டு வழக்கை நடத்தினார். கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதைக்கூட இந்த இளைஞர் பின்னர் அறிந்துகொள்ளவில்லை.

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அடுத்த ஆண்டே அவர் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார் என்பதும், அங்கே ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார் என்பதும் உலகறிந்த கதை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்ன செய்வது என்று தெரியாத, செய்ததெல்லாம் பலிக்காத ஓர் இளைஞனின் ஆண்டுகள் அவை.

குடும்பத்தின் முதலீடு

காந்தியின் தந்தை போர்பந்தரிலும் ராஜ்கோட்டிலும் திவானாக இருந்தவர். 1885ஆம் ஆண்டு அவர் இறந்த பிறகு, அந்தப் பதவியை மீட்கக்கூடிய பிள்ளையாக மோகன்தாஸைக் குடும்பம் பார்த்தது. அவரோ பவநகர் கல்லூரியில் பாடம் புரியாமல் முதல் பருவத்துடன் வீடு திரும்பியிருந்தார். குடும்ப நண்பர் ஒருவர், பட்டப் படிப்பைவிட லண்டன் சென்று பாரிஸ்டர் ஆவது எளிது, விரைவானது என்று யோசனை சொன்னார். காந்திக்கு மருத்துவம் படிக்க ஆசை. பிணத்தை அறுக்கும் தொழில் வைணவக் குடும்பத்துக்கு ஆகாது என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

கடல் கடந்தால் சாதியிலிருந்து விலக்கிவைப்போம் என்று பம்பாயிலிருந்த அவரது சாதிப் பெரியவர்கள் எச்சரித்தார்கள், விலக்கியும் வைத்தார்கள். தாய்க்கு மூன்று சத்தியங்கள் செய்து கொடுத்துவிட்டு, மனைவி கஸ்தூர்பாவையும் சில மாதக் குழந்தை ஹரிலாலையும் ஊரில் விட்டுவிட்டு, 1888 செப்டம்பரில் காந்தி புறப்பட்டார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை.

லண்டனில் அவர் முதலில் செய்தவை இன்றைய வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்து பவுண்டுக்கு ஒரு மாலை உடை தைத்தார். நடன வகுப்பில் சேர்ந்தார். தாளத்துக்குக் கால் வரவில்லை. மேலை இசைக்குக் காது பழகட்டும் என்று வயலின் வாங்கினார். மேடைப் பேச்சுக்கும் ஓர் ஆசிரியரைப் பிடித்தார். இந்த மோகம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. பிறகு வயலினை விற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதத் தொடங்கினார். சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றும் கூட்டங்களில் பேச நா எழவில்லை. எழுதிக் கொண்டுபோனதையும் வேறொருவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

1891 ஜூன் 10ஆம் தேதி அவர் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் தேதி ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ரோமானியச் சட்டம் படித்திருந்தார். ஆனால் இந்து சட்டமோ முஸ்லிம் சட்டமோ தெரியாது. ஒரு மனுவை எப்படி எழுதித் தாக்கல் செய்வது என்பதும் தெரியாது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது அண்ணன் காத்திருந்தார். தாய் இறந்துவிட்ட செய்தியை, அந்நிய மண்ணில் மகன் தனியே துயரப்பட வேண்டாம் என்று, அதுவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

75 ரூபாய் வேலையும் கிடைக்கவில்லை

தம்பி வந்ததும் வருமானம் கொட்டும் என்ற நம்பிக்கையில் அண்ணன் லட்சுமிதாஸ் வீட்டுச் செலவைக் கூட்டி வைத்திருந்தார். தம்பி தன் பங்குக்கு ஓட்ஸ் கஞ்சி, கோக்கோ, ஐரோப்பிய உடை என்று அதை மேலும் கூட்டினார். ராஜ்கோட்டில் தொழில் செய்தால் ஊர் சிரிக்கும்; உள்ளூர் வக்கீலுக்குத் தெரிந்த சட்டம்கூட இந்தப் பாரிஸ்டருக்குத் தெரியாது. எனவே பம்பாய் சென்றார்.

அங்கே கிர்காமில் குடியிருந்துகொண்டு, தினமும் முக்கால் மணி நேரம் நடந்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வழக்குகள் நடப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பல நாள் அங்கேயே தூங்கிப்போவார். தன்னைப் போல வேறு சிலரும் தூங்குவதைக் கண்டு வெட்கம் தணிந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களுக்குக் கமிஷன் கொடுக்க மறுத்தார். கிடைத்த முதல் வழக்கு என்ன ஆனது என்பதை மேலே பார்த்தோம்.

அதன் பிறகு, தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, சம்பளம் 75 ரூபாய் என்ற விளம்பரம் ஒன்றைக் கண்டு விண்ணப்பித்தார். நேர்முகத்துக்கும் அழைத்தார்கள். அவர் பட்டதாரி அல்ல என்று தெரிந்ததும் பள்ளி மறுத்துவிட்டது. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில், லத்தீன் மொழியோடு, தேறியிருப்பதை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. சுமார் ஆறு மாதத்தில் பம்பாய் வாழ்க்கையை மூட்டை கட்டினார்.

மீண்டும் ராஜ்கோட். அங்கே மனுக்கள் எழுதிக் கொடுக்கும் வேலையில் மாதம் சுமார் 300 ரூபாய் வந்தது. அண்ணனின் கூட்டாளியான வக்கீல் மூலம் வந்த வேலை அது. பம்பாயில் தர மறுத்த கமிஷனை இங்கே வேறு பெயரில் தர வேண்டியிருந்தது, தந்தார். தோற்றவர் மெல்ல மெல்ல ஊர் வழக்கத்துக்குள் அடங்கிப்போவது இப்படித்தான் நடக்கிறது. அவர் அங்கேயே தங்கியிருந்தால் கத்தியவாரில் ஓரளவு வசதியான ஒரு மனு எழுத்தாளராக முடிந்திருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது.

அதற்கும் ஒரு தடை வந்தது. அண்ணன் மீதான ஒரு புகார் பிரிட்டிஷ் அரசியல் ஏஜெண்டிடம் போயிருந்தது. அந்த அதிகாரியை லண்டனில் சந்தித்த பழக்கம் தம்பிக்கு உண்டு. போய்ச் சிபாரிசு செய்யும்படி அண்ணன் வற்புறுத்தினார். மனம் ஒப்பாமலேயே போனார். அதிகாரி கேட்க மறுத்தார். இவர் பேச்சைத் தொடர்ந்ததும் சேவகனை விட்டு வெளியேற்றினார். வழக்குத் தொடரப்போவதாகக் காந்தி பொங்கியபோது, பம்பாயின் பெரும் வழக்கறிஞர் பெரோஸ்ஷா மேத்தாவிடமிருந்து வந்த அறிவுரை, அவமானத்தை விழுங்கிக்கொள் என்பதே. விழுங்கிக்கொண்டார். ஆனால் அவர் தொழில் செய்யவேண்டிய இடமோ அதே அதிகாரியின் நீதிமன்றம்.

ஓராண்டு ஒப்பந்தம்

இந்த நிலையில்தான் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா நிறுவனத்துக்கு 40,000 பவுண்டு தொடர்பான வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வழக்காடப் பெரிய வெள்ளைக்கார வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு விவரம் சொல்லவும், ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கவும் ஓர் ஆள் தேவை. ஓராண்டு வேலை, கப்பல் கட்டணமும் தங்கும் செலவும் போக 105 பவுண்டு. பாரிஸ்டராகப் போவதல்ல, ஊழியனாகப் போவது இது என்று காந்திக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். 1893 ஏப்ரலில், மனைவியையும் இப்போது இரண்டாகிவிட்ட குழந்தைகளையும் மறுபடி விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

ஜூன் 7ஆம் தேதி இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரே இரவில் எல்லாம் மாறிவிட்டது போலத் திரைப்படங்கள் காட்டுகின்றன. காந்தியே 1920களில் தன் வரலாற்றை எழுதியபோது அதற்கு உரிய இடம் கொடுத்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் திரும்பிப் பார்க்கும்போது, அன்று குழப்பமாக இருந்ததும் ஒழுங்காகத் தெரியக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மறுநாள் அவர் செய்தது, பயணத்தைத் தொடர்ந்து பிரிட்டோரியா போய், ஒப்புக்கொண்ட வேலையைப் பார்த்ததுதான்.

திருப்பம் அந்த வேலைக்குள்தான் இருந்தது என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. வழக்கு முழுவதும் கணக்குப் புத்தகங்களைச் சார்ந்தது. காந்திக்குக் கணக்கியல் தெரியாது. பிராமிசரி நோட் என்ற கடன் பத்திரத்தை வணிகர்கள் சுருக்கமாகப் பி-நோட் என்பார்கள். அது என்னவென்று அகராதியில் தேடி, கிடைக்காமல், ஒரு குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணக்கியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். மாதக்கணக்கில் இரு தரப்புக் கணக்குகளையும் கடிதங்களையும் மொழிபெயர்த்து, ஒப்பிட்டு, விஷயத்தை வழக்கறிஞர்களைவிட நன்றாக அறிந்தவரானார். சட்டம் என்பதில் பெரும் பகுதி உண்மை விவரங்களே என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். விவரம் கையில் இருந்தபோது கூச்சம் குறைந்தது.

எதிர்த்தரப்பு தயாப் சேட், தாதா அப்துல்லாவின் நெருங்கிய உறவினர். வழக்கறிஞர் கட்டணமே இருவரையும் விழுங்கிவிடும் என்பதைக் கண்ட காந்தி, மத்தியஸ்தத்துக்கு இருவரையும் இணங்கவைத்தார். தாதா அப்துல்லாவுக்குச் சுமார் 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் தீர்ப்பானது. அதை ஒரே தடவையில் கட்டினால் தயாப் சேட் திவாலாவார். நீண்ட காலத் தவணையில் வாங்கிக்கொள்ளும்படி வென்றவரைச் சம்மதிக்கவைக்க, வழக்கை வெல்வதைவிட அதிகம் பாடுபட வேண்டியிருந்தது.

பம்பாயில் ஒரு கேள்வி கேட்க முடியாதவர், பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வணிகத்தில் நேர்மை பற்றிப் பேசினார். அதுதான் வாழ்க்கையில் அவரது முதல் பொதுப் பேச்சு. ஆங்கிலம் கற்க விரும்பியவர்களுக்குச் சொல்லித் தருவதாகவும் முன்வந்தார். மூன்று பேர் கிடைத்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். 75 ரூபாய்க்குக் கிடைக்காத ஆசிரியர் வேலை, சம்பளம் இல்லாமல் கிடைத்தது.

வழக்கு முடிந்து, 1894இல் டர்பனில் அவருக்குப் பிரிவு விருந்து நடந்தது. அங்கே கிடந்த ஒரு பத்திரிகையில், நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிய சிறு செய்தியைப் பார்த்தார். வணிகர்களோ அதை அறிந்திருக்கவில்லை. ஒரு மாதம் தங்கும்படி கேட்டார்கள். சுமார் 10,000 கையெழுத்துகளுடன் லண்டனுக்கு மனு போயிற்று. ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. பொதுப் பணிக்குச் சம்பளம் வாங்க மறுத்த காந்தி, தங்கள் சட்ட வேலையைத் தருமாறு வணிகர்களிடம் கேட்டார். சுமார் இருபது பேர் ஓராண்டுக்கு முன்பணம் கொடுத்தார்கள். நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை.

பாலசுந்தரம்

அதுவரை அவரைச் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள். நேட்டால் இந்தியர்களில் பெரும் பகுதியினரோ கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பரில் டர்பனை அடைந்த முதல் கூலிக் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றி வந்தது.

தொழில் தொடங்கிய சில மாதங்களில், அவர்களில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பாலசுந்தரம் என்ற தமிழர். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். தலைத்துணி கையில் இருந்தது. வெள்ளை எஜமானர் அடித்திருந்தார். காந்திக்குத் தமிழ் தெரியாது. அவரது குமாஸ்தா தமிழர், அவர் மொழிபெயர்த்தார். முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்று பெற்றார்கள். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு நீங்கினால் அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. எனவே எஜமானரைத் தண்டிக்கச் செய்வதைவிட, பாலசுந்தரத்தை விடுவிப்பதே முக்கியம் என்று காந்தி கருதினார். ஒப்பந்தம் வேறொரு எஜமானருக்கு மாற்றப்பட்டது.

கூலிகள் ஐரோப்பியர் முன் தலைத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அங்கு வழக்கம். தனக்கு முன்னும் அப்படி நின்றவரை, அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கியபடி கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். அண்ணன் போட்ட முதலைப் பணமாகத் திருப்பி அனுப்பி வந்த காந்தி, பின்னாளில் இனிச் சேமிப்பு எல்லாம் பொதுப் பணிக்கே என்று எழுதியபோது லட்சுமிதாஸ் மனமுடைந்தார். லண்டனில் சட்டம் படிக்க ஹரிலால் கொண்ட ஆசைக்குத் தந்தை இடம் தரவில்லை. மகன் பிரிந்து போனார். நேட்டாலில் எழுதிய மனுக்களில் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்திக் குறிப்பிட்டதும் உண்மை. அதன் பேரில் எழுந்த எதிர்ப்பால் 2018இல் கானா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அவரது சிலை அகற்றப்பட்டது.

1896இல் குடும்பத்தை அழைத்துவர அவர் இந்தியா திரும்பினார். கப்பலில் மருத்துவர் ஒருவர் தந்த தமிழ் போதினி ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். பம்பாய்க் கூட்டத்தில் மீண்டும் குரல் நடுங்கியது. எழுதிவந்த உரையை தின்ஷா வாச்சா வாசித்து முடித்தார். அக்டோபரில் சென்னை. பாலசுந்தரத்தின் கதை அவருக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது. பச்சையப்பன் மண்டபத்தில் அவரது நீண்ட உரையைக் கூட்டம் ஒரு சொல் விடாமல் கேட்டது. அந்த உற்சாகத்தில், தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றிய பச்சை அட்டைப் பிரசுரத்தை 10,000 படிகள் அச்சிட்டார். வேகமாக விற்றன, ஆனால் சென்னையில் ஆங்கிலம் படிப்பவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது.