தனி இடத்தைக் கேளாத குருவானவர்
சங்கைக்குரிய ஜெரோம் டிசூசா சுவாமிகளின் சரிதை



தேர்தல் காலம் வந்தால் பங்கு வீட்டு வாசலில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. யாருக்கு ஓட்டுப் போடலாம், சாமி? நம்மவர் யாராவது நிற்கிறாரா? இக்கேள்விக்குத் தம் நடத்தையாலேயே விடை சொன்ன ஒரு குருவானவரைப் பற்றி இவ்வாரம் அறிவோமாக.

ஜெரோம் டிசூசா சுவாமிகள் 1897-ம் ஆண்டு மங்களூரில் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். 1942 முதல் 1950 வரை சென்னை லயோலா கல்லூரியின் தலைவராக இருந்தார். இந்திய தேசத்திற்குச் சட்டம் வகுக்க 1946-ல் அரசியல் நிர்ணய சபை அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்களில் அங்கி தரித்த இக்குருவும் ஒருவர்.

அக்காலத்தின் நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1935-ம் வருடத்துச் சட்டப்படி சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டளிப்பார்கள். கிறிஸ்தவ அபேட்சகர் இந்துவின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை; பொதுத்தொகுதி அபேட்சகர் நம் தெருவுக்கு வரவேண்டியதுமில்லை. ஒரே கிணற்றில் நீர் மொள்ளும் அயலார், ஓட்டுச் சாவடியில் அந்நியராயினர்.

1947-ல் இத்தனி வாக்காளர் முறை ஒழிந்தது. ஆயினும் 1948-ல் வெளியான நகல் சட்டத்தில், சென்னையிலும் பம்பாயிலும் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் நிலைத்திருந்தன. 1949 மே மாதம் வங்காளத்துக் கிறிஸ்தவரான ஹரேந்திர குமார் முகர்ஜி, அதுவும் வேண்டாமென்று ஆலோசனைக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். சபையில் அதை ஆதரித்தவர்களுள் நம் சுவாமிகளும் ஒருவர்.

கையில் இருந்ததை விட்டுவிடுவது புத்தியா என்று கேட்கலாம். அதே சபையில் வேறொன்று கிடைத்தது. வேதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் எல்லாருக்கும் சுதந்தரம் உண்டென்று சட்டத்தின் 25-ம் ஷரத்து கூறுகிறது. 1948 டிசம்பரில் 'பரப்ப' என்னும் சொல்லைச் சிலர் எதிர்த்தபோது, அதற்காகப் பரிந்து பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கே. எம். முன்ஷி ஆகிய இந்துக்களும் இருந்தார்கள். நம் உரிமைக்கு அயலான் வாதாடினான். இத்தகைய நட்பை எந்த ஒதுக்கீடும் தராது.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 1950-ல் பிறந்த ஜனாதிபதி ஆணை, தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த கிறிஸ்தவர்களை அட்டவணைச் சாதிச் சலுகைகளுக்கு வெளியே நிறுத்தியது. பிற்காலத்தில் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு, நமக்கு இன்றுவரை திறக்கவில்லை. நம் பங்குக் குடும்பங்கள் பல இந்தக் காயத்தை அறியும். நீதி கேட்பது நம் கடமை. ஆயினும் அதைத் தனியே நின்று பெற இயலாது. அயலாரையும் சேர்த்துக்கொண்டே பெற வேண்டும்.

நம் ஊரும் இதற்குச் சாட்சி. 1957-ல் சாத்தூர்த் தொகுதி காமராசரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அவருடைய மந்திரிசபையில் குளச்சல் தொகுதியின் லூர்தம்மாள் சைமன் அமர்ந்தார். கிறிஸ்தவர்க்கென ஒதுக்கிய இடம் ஒன்றுமில்லாத காலத்தில், பொது ஓட்டினால் வென்று மந்திரியான கிறிஸ்தவப் பெண்மணி அவர்.

டிசூசா சுவாமிகள் 1949 முதல் பலமுறை ஐக்கிய நாடுகள் சபைக்கு இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றார். 1951-ல் பூனாவில், இன்று இந்திய சமூக நிறுவனம் என வழங்கும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1977-ல் ஆண்டவரில் நித்திரையடைந்தார்.

அவர் வகித்தது போன்ற ஆசனம் இன்று குருக்களுக்கு உரியதன்று. அரசாங்க அதிகாரப் பதவிகளைக் குருக்கள் ஏற்கலாகாதென்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விலக்குகிறது. பொதுநன்மைக்காக ஓட்டளிப்பது உரிமையும் கடமையுமென்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆகையால் பீடத்திலிருந்து எந்தச் சின்னமும் சொல்லப்படாது. அந்தப் பொறுப்பு உங்கள் மனச்சாட்சிக்கு உரியது.

எனவே அபேட்சகர் வாசலுக்கு வரும்போது, அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறவர் என்று மட்டும் விசாரியாதீர்கள். பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவனுடைய உயிருக்கு அவர் என்ன காவல் தருவார்? தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணின் கூலிக்கும், அவள் பிள்ளையின் படிப்புக்கும் என்ன செய்வார்? மதத்தின் பேரால் அயலானைப் பகைக்கச் சொல்லுகிறாரா? இவற்றைக் கேளுங்கள். ஓட்டுக்குப் பணம் நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். விற்ற ஓட்டுக்குப் பிறகு நியாயம் கேட்க வாய் இராது.

ஓட்டுச் சாவடிக்குப் போகுமுன் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். நமக்காக மட்டுமல்ல, வரிசையில் நமக்கு முன்னும் பின்னும் நிற்கிறவர்களுக்காகவும்.