மூளை வரைந்த கோடுகள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், ஒரு காலைப் பொழுதில் படைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குதிரையொன்று மிரண்டு எழும்ப, அதன்மீதிருந்த இளம் வீரர், பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரத்தின் முன் விழுந்தார். வண்டி இறுதிக் கணத்தில் நின்றதால் உயிர் பிழைத்தார். அன்று மாலையே அவருடைய நலம் கேட்டுத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தொலைவிலிருந்த தமக்கைக்குத் தோன்றியதே அதற்குக் காரணம். தம் அச்சம் தமக்கையின் உள்ளத்தை எட்டியது எங்ஙனம் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

அவ்வீரரே ஹான்ஸ் பெர்கர். 1873 மே 21 அன்று, கோபர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் ஊரில் பிறந்தவர். குறட்பாக்கள் சிலவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கவிஞர் பிரீட்ரிக் ரூக்கர்ட் அவருடைய தாய்வழிப் பாட்டனார். வானியல் கற்கும் எண்ணத்தைக் கைவிட்டு மருத்துவம் பயின்ற பெர்கர், 1897இல் யேனா பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியேற்றார். 1919இல் அதன் தலைவரானார்.

எண்ணத்தை அளந்தறியக் கூடுமா? மூளையின் குருதியோட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார், பயனில்லை. விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென ஆங்கிலேயரான ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே கண்டிருந்தார். மனித மூளையிலோ அதுவரை எவரும் அதனைப் பதிவு செய்ததில்லை. 1924 ஜூலை 6 அன்று, அறுவை மருத்துவத்திற்கு உட்பட்ட பதினேழு வயது இளைஞனின் மூளையில் எழுந்த மின்னலைவைப் பெர்கர் பதிவு செய்தார். அது வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கே. தசைத் துடிப்பையும் இதயத் துடிப்பையும் மூளையின் அலையெனத் தவறாகக் கொண்டோமோ என்ற ஐயம் அவரை வாட்டியது. ஆகவே, ஐந்தாண்டுகள் எதையும் வெளியிடாமல் மீண்டும் மீண்டும் சோதித்தார். அச்சோதனைகள் பலவற்றிற்குத் தலை கொடுத்தவன் அவருடைய மகன் கிளவுஸ்.

1929இல் முதற்கட்டுரை வெளிவந்தது. கண்களை மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழும் அலைக்கு ஆல்ஃபா எனப் பெயரிட்டார். கண் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அவ்வலை அடங்கியது. உழைப்பின்போது அலை ஓங்கும் என்றன்றோ எவரும் எண்ணுவர்? இங்கு நேர்மாறாக இருந்தது. அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். 1934இல் கேம்பிரிட்ஜில், நோபல் பரிசாளர் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையைக் கண்டு உறுதி செய்த பின்னரே உலகம் பெர்கரைத் திரும்பிப் பார்த்தது.

அவ்வாண்டுகளில் அவர் செய்த மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. நாஜி ஆட்சி, மனநோயாளர் முதலியோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தச் சட்டம் இயற்றி, அதற்கெனத் தனி நீதிமன்றங்களை அமைத்தது. யேனாவில் இருந்த அத்தகைய மேல் நீதிமன்றத்தில் பெர்கர் உறுப்பினராக அமர்ந்தார். நோயாளரின் மூளையை அத்துணை பொறுமையுடன் ஆராய்ந்தவர், அவர்தம் உரிமையைப் பறித்த அமைப்பில் பங்கேற்றார். 1938இல் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு நோயில் வீழ்ந்து, 1941 ஜூன் 1 அன்று உயிர்நீத்தார்.

பெர்கர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1973இல், கலிபோர்னியாவில் ஜாக் விடால் என்பார் மூளையலைகளைக் கொண்டு கணினியோடு தொடர்புகொள்ளும் முறையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அம்முறை இன்று பக்கவாத நோயாளரிடம் வந்து சேர்ந்துள்ளது. பக்கவாதத்தில் கையின் தசைகள் அழிவதில்லை. மூளையின் ஆணை செல்லும் வழியே சிதைகிறது. கையை அசைக்க எண்ணும்போது, இயக்கத்திற்குரிய மூளைப் பகுதியில் எழும் அலை அடங்குகிறது. கண் திறந்ததும் ஆல்ஃபா அடங்கியதைப் போன்றதே இதுவும். தலையில் அணிவித்த மின்முனைகள் அம்மாற்றத்தை உணர, கணினி அதனை அறிந்து கையில் பொருத்திய கருவியை இயக்குகிறது. மடங்கிய விரல்கள் விரிகின்றன. எண்ணமும் அசைவும் ஒரே நேரத்தில் பலமுறை நிகழ, எஞ்சிய நரம்பு வழிகள் வலுப்பெறுகின்றன. அனைவரும் ஒரே அளவில் பயன் பெறுவதில்லை எனினும், பழுதுபடாத மறுபாதி மூளையின் அலைகளைக் கொண்டு கையை இயக்கும் கருவியொன்றுக்கு 2021இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. நோயாளர் அதனை வீட்டிலிருந்தபடியே கையில் மாட்டிப் பயிற்சி செய்கின்றனர்.