சிம்லாவில் பிறந்து ஜெர்மன் அணைகளை உடைத்தவர்: யார் இந்த கய் கிப்சன்?

26 வயசு. உங்களில் பலர் இரண்டாவது கம்பெனிக்கு மாறியிருக்கும் வயது. பிரிட்டிஷ் விமானி கய் கிப்சனின் வாழ்க்கை அந்த வயதிலேயே முடிந்துவிட்டது. அதற்குள் 170-க்கும் மேற்பட்ட முறை போருக்காகப் பறந்திருந்தார்.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

1918 ஆகஸ்ட் 12-ல் சிம்லாவில் பிறந்தார். அப்பா, ஆங்கிலேய ஆட்சியின் வனத்துறை அதிகாரி. ஆறு வயதில் இங்கிலாந்து போன கிப்சன், 1936-ல் விமானப்படையில் சேர்ந்தார். 1943 மார்ச்சில், 24 வயதில், புதிதாக உருவான 617 ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானார்.

அணையை எப்படி உடைத்தார்கள்?

சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை வீசி, குளத்துத் தண்ணீரில் தத்தவிட்டிருப்பீர்கள் இல்லையா? அதே உத்திதான். பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த, நான்கு டன்னுக்கும் அதிக எடையுள்ள குண்டு, நீர்ப்பரப்பில் தத்தித் தத்திப் போய், பாதுகாப்பு வலைகளைத் தாண்டி, அணைச்சுவரை ஒட்டி மூழ்கி வெடிக்கும். ஆனா அதற்கு, இரவில், வெறும் 60 அடி உயரத்தில் பறக்க வேண்டும்.

1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர் விமானங்கள் கிளம்பின. மோனே அணையில் கிப்சன் வீசிய குண்டு சுவரை எட்டவில்லை. அதோடு அவர் விலகிப் போகவில்லை. பின்னால் வந்த விமானங்களுக்குப் பக்கத்திலேயே பறந்து, பீரங்கிகளின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்தாவது குண்டில் மோனே உடைந்தது. அடுத்து ஏடர் அணையும் உடைந்தது.

விலை என்ன?

போன 133 பேரில் 53 பேர் இறந்தனர், 3 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். கீழே வெள்ளத்தில் இறந்தவர்கள் 1,300-க்கும் அதிகம். அவர்களில் நூற்றுக்கணக்கானோர், ஜெர்மனி கட்டாய வேலைக்குப் பிடித்து வைத்திருந்த வெளிநாட்டவர்கள். நாஜிகளிடம் சிக்கியவர்களே நாஜிகளுக்கு எதிரான தாக்குதலில் செத்தார்கள்.

அதன் பிறகு?

கிப்சனுக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. பிரிட்டன் அவரை அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்ற அனுப்பியது; பிறகு அலுவலக வேலை கொடுத்தது. அவரோ திரும்பவும் பறக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைத்தது. 1944 செப்டம்பர் 19 இரவு, நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கன் அருகே அவருடைய மஸ்கிட்டோ விமானம் விழுந்தது. காரணம் குறித்து இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இன்று ஏன் இதைப் படிக்கணும்?

617 ஸ்குவாட்ரன் இப்போது எஃப்-35 விமானங்களை இயக்குகிறது. ஆனா விதி மாறிவிட்டது. பொதுமக்களுக்குக் கடும் உயிரிழப்பு நேருமென்றால் அணைகளைத் தாக்கக் கூடாது என்கிறது, ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977-ம் ஆண்டு கூடுதல் நெறிமுறை. கிப்சனைக் கொண்டாடிய பிரிட்டனும் 1998-ல் அதை ஏற்றுக்கொண்டது. அவருடைய துணிச்சலை மதிக்கும்போது, அந்த வெள்ளத்தில் போனவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள்.