தண்ணீரில் முக்கிய ஓவியம்: அவனீந்திரநாத் தாகூர்



பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது எழும்பூர் பக்கம் ஒரு பழைய சிவப்புக் கட்டிடம் வருமே, அதுதான் சென்னை ஓவியக் கல்லூரி. மெரினாவில் 1959-இல் அமைந்த உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அங்கேதான் முதல்வராக இருந்தார். அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த குருநாதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவனீந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் அண்ணன் மகன் வழி உறவு. 1871-இல் கல்கத்தாவில் பிறந்தவர். சித்தப்பா ரவீந்திரநாத் ஊக்கம் கொடுக்க, குழந்தைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தார். 1896-இல் வந்த 'கீரேர் புதுல்', அதாவது பால்கோவா பொம்மை, வங்காளக் குழந்தைகள் இன்றும் படிக்கிற கதை. வாயால் சொல்வதுபோலவே எழுதுவார்.

கொள்ளைநோயில் தன் சின்ன மகளைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை யாரிடமும் சொல்லி அழவில்லை. 1902-இல் ஷாஜகானின் கடைசி நேரத்தை வரைந்தார். மனசில் இருந்தது எல்லாம் அந்தப் படத்தில் இறங்கிவிட்டது.

1903-இல் ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார். நீர்வண்ணம் தீட்டிக் காய்ந்ததும் காகிதத்தையே தண்ணீரில் முக்கி எடுப்பார். ஒட்டாத வண்ணம் கழுவிப்போகும், நின்றது ஊறிவிடும். மறுபடி தீட்டி மறுபடி முக்குவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளேட்டிங் வேலை பார்த்தவங்களுக்கு இந்தப் பொறுமை புரியும்!

முன்பு 1884-இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்த ஹேவல் துரைதான், 1905-இல் இவரைக் கல்கத்தா ஓவியப் பள்ளியின் துணை முதல்வராக்கினார். அதே வருஷம் 'பாரத மாதா' ஓவியம் பிறந்து நாடெங்கும் பேர் வாங்கியது. ஆனால் 1927-இல், குடும்ப ஜமீன் இருந்த ஷாஜாத்பூரை வரைந்த நீர்வண்ண நிலக்காட்சிகளில் தெய்வமும் இல்லை, அரசனும் இல்லை. அந்த ஊர் மட்டுமே போதும் என்று இருந்துவிட்டார்.

கடைசிக் காலத்தில் காய்ந்த கிளை, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி விளையாட்டுப் பொம்மை செய்தார். 1951-இல் மறைந்தார்.

நண்பர்களே, நம்ம வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்ததும் வண்ணப்பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. மார்க் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லி அழ முடியாத ஒன்று எல்லோருக்கும் ஒருநாள் வரும். அன்றைக்குக் கை எட்டும் தூரத்தில் அந்தப் பெட்டியும் இருக்கட்டுமே!