பிள்ளையை மதிக்கக் கற்றுத்தந்த மொண்டிசோரி அம்மையார்

எமது நாட்டில் மூன்று வயதுப் பிள்ளை எங்கே போகிறது என்று கேட்டால் மொண்டிசோரிக்கு என்றே பதில் வரும். ஒருவரின் பெயர் பாலர் பள்ளியின் பெயராகவே ஆகிவிட்டது. அப்பெயருக்குரியவர் ஒரு பெண் என்பதும், அவர் ஒரு வைத்தியர் என்பதும், எமது நாட்டுக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர் என்பதும் எம்மில் பலர் அறியாதவை. எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் எம்மில் பலர் தாய்மார், சிலர் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும். ஆகவே சிறுபிள்ளைகளுக்காக வாழ்ந்த இப்பெருமாட்டியை இம்மலரில் நினைவுகூர விரும்பினோம்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. மகள் வைத்தியம் படிப்பதைத் தந்தையார் விரும்பவில்லை, தாயார் துணை நின்றார். ஆண்களோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்வது பெண்ணுக்கு ஒவ்வாது என்று கருதப்பட்ட காலம் அது. எனவே மற்றவர்கள் போனபின் தனியாக நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அவர் முதலில் பணிசெய்தது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே. கைகளால் தொட்டும் பொருத்தியும் பழகும் பொருட்களைக் கொண்டு அவர்களுக்குக் கற்பித்தார். அப்பிள்ளைகளிற் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் சித்தியடைந்தனர். ஊர் வியந்தது. அவரோ, குறை எதுவுமில்லாத பிள்ளைகள் ஏன் இதைவிட மேலே போகவில்லை என்று சிந்தித்தார். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது.

1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவர்களைக் கிறுக்கித் திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே சேர்ந்தனர். தாய்மாருக்கும் கடமை இருந்தது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்பவேண்டும், வாரம் ஒரு தடவையாவது ஆசிரியையைச் சந்தித்துப் பேசவேண்டும். வீடும் பள்ளியும் ஒரே வழியில் நடக்கவேண்டும் என்பது அன்றே வகுத்த விதி.

அங்கே அவர் கண்ட காட்சிகள் சில எமக்கும் பாடம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத்துண்டுகளைத் துளைகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார், அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கவனம் கலையவில்லை. 40 தடவைக்கு மேல் அதையே செய்து முடித்து, நல்ல உறக்கத்தால் எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். சிறுபிள்ளைக்குப் பொறுமை கிடையாது என்ற எண்ணம் அன்றே பொய்த்தது.

இன்னொரு நாள் ஒரு சிறுவன் நெஞ்சிலே பதக்கத்துடன் கதிரையில் தனியே அமர்ந்திருந்தான். பரிசு பெற்றவன் என்று அம்மையார் நினைத்தார். உண்மையில் அவன் தண்டனை பெற்றவன். பதக்கம் பெற்ற பிள்ளை, தன் வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்கிறதென்று அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பரிசும் தண்டனையும் ஒருங்கே அர்த்தமிழந்தன. அவரது வகுப்புகளில் பின்னர் இரண்டுக்கும் இடமிருக்கவில்லை.

மூக்கைச் சத்தமின்றித் துடைப்பது எப்படி என்று அவர் ஒருநாள் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகுகிறது என்று எல்லாரும் அவர்களை ஏசியிருந்தார்கள், துடைக்கும் விதத்தை அவமானப்படுத்தாமல் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை. நல்ல பழக்கம் என்பது ஏச்சிலிருந்து வருவதில்லை, பொறுமையாகக் காட்டிக்கொடுப்பதிலிருந்து வருகிறது என்பதை அந்தக் கைதட்டலில் அவர் கண்டார்.

அம்மையாரின் வாழ்வில் ஒரு துயரமும் உண்டு. 1898இல் பிறந்த அவரது மகன் மாரியோ, பெற்றோர் மணம் புரியாத காரணத்தால் நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். பதின்ம வயதிலேயே தாயிடம் வந்து சேர்ந்தான். ஊரார் பிள்ளைகளின் முதல் ஆறு வருடங்களுக்காகப் போராடியவருக்குத் தன் பிள்ளையின் அந்த வருடங்கள் கிடைக்கவில்லை. அன்றைய சமூகம் ஒரு பெண்ணிடம் அறவிட்ட விலை அது என்றே நாம் கருதுகிறோம். வந்து சேர்ந்த மகன் இறுதிவரை தாயின் பணியில் தோள்கொடுத்தார்.

1934இல் முசோலினியின் ஆட்சியில் இத்தாலியின் மொண்டிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் நாட்டை விட்டு வெளியேறினார். 1939இல், 69 வயதில், மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறுவருடம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவைத் தடுத்துவைத்தது. அம்மையாரின் 70ஆவது பிறந்த நாளில் மகன் அவரிடம் திருப்பி அனுப்பப்பட்டார். யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் தமது 81ஆவது வயதில் காலமானார்.

அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடிமட்டத்தால் விரல் மொளியில் அடி வாங்கியதை இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். அன்று அழுததை மறந்துவிடுகிறோம். இன்றைய வீடுகளில் அடியின் இடத்தை டொபியும் கைத்தொலைபேசியும் பிடித்துள்ளன. சாப்பிட்டால் இது தருவேன் என்பதும் சாப்பிடாவிட்டால் அடிப்பேன் என்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

அம்மையார் காட்டிய வழிக்குப் பணம் தேவையில்லை. துவாயைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கொழுவலாம். சின்ன விளக்குமாறு ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். சட்டைத் தெறியைத் தானே போடும்வரை, பள்ளிக்குப் பிந்தினாலும், கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கலாம். தண்ணீர் சிந்தினால் ஏசுவதற்கு முன் துணியைக் கொடுத்துத் துடைக்கும் விதத்தைக் காட்டலாம். இவற்றிற்குத் தேவையானது பொறுமை ஒன்றே. எமக்கு அதுதான் குறைவு.

நூறு ஆண்டுகளாக எமது கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பிவந்தவை வீடுகளே. ஏடு தொடக்குமுன் பிள்ளை கற்கும் முதற்பாடம், பெரியவர்கள் தன்னை மதிக்கிறார்களா என்பதுதான். அந்தப் பாடத்தை எமது பேரப்பிள்ளைகள் எமது வீடுகளிலேயே கற்கட்டும்.